மண் தள்ளிய பனித்தகடு

முதன்முதலில் நான் பார்த்தபோது அது காயலான் கடையின் பின்சுவரோரம் குப்புறக் கிடந்தது. எட்டடி நீளம், இடுப்பளவு உயரம், வாழைமட்டை போல உட்பக்கம் வளைந்த இரும்புத் தகடு. மஞ்சள் வண்ணம் பாதி உரிந்துபோய், உரிந்த இடமெல்லாம் துரு பொரிந்திருந்தது. அதன் முதுகில் என் முழங்கை கனத்துக்கு இரண்டு ஸ்பிரிங்குகள் இருந்தன. ஒன்று முழுசாக இருந்தது, மற்றொன்று அறுந்து தொங்கியது. பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதற்குள் மோட்டாரும் எண்ணெய்ப் பம்பும் கிரீஸ் சேற்றில் புதைந்து கிடந்தன.

தண்டலம் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் மண்பாதையில் இருந்தது அந்தக் கடை. துறைமுகத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக் கழிவு இரும்பைக் கன்டெய்னரோடு வாங்கி, தரம் பிரித்து, உருக்காலைக்கு அனுப்புகிறவர் அதன் உரிமையாளர். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான். லாரிக்கார அக்கா என்னை அங்கே அழைத்துப் போயிருந்தார். ஏன் என்று வழியில் சொல்லவில்லை. “ஒரு சாமான் காட்றேன், உருப்படுமான்னு மட்டும் சொல்லு” என்றதோடு சரி.

“புல்டோசர் பிளேடும்மா. நல்ல கனம். வேணும்னா எடை போட்டு எடுத்துக்கினு போ” என்றார் பாய்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. புல்டோசர் தகடு இதைவிடப் பல மடங்கு தடிமனாக இருக்கும். அதற்கு ஸ்பிரிங் எதற்கு? தகட்டின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒட்டுப்படம் ஒன்று இருந்தது. ஆறு இதழ் வெள்ளைப் பூ போல ஒரு சித்திரம். அதைப் படமெடுத்து கைபேசியில் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோ வந்தது. வெள்ளை வெளேரென்று ஒரு தெரு. இதே தகட்டை முகத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வண்டி வர, பஞ்சு அரவை ஆலையில் பஞ்சு பறப்பதுபோல இரண்டு பக்கமும் வெண்மை பறந்தது. உறைபனி விழும் ஊர்களில் சாலையைச் சுத்தம் செய்யும் கருவி அது. எந்த ஊரில் எத்தனை குளிர்காலம் உழைத்து ஓய்ந்ததோ, இங்கே கழிவோடு கழிவாக வந்து சேர்ந்திருந்தது.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். “பனி தள்றதா? நம்ம ஊரு பனிக்குத் தலையில ஒரு துண்டு போதுமே!”

அக்கா சிரிக்கவில்லை. அந்த வீடியோவை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இது மண்ணைத் தள்ளுமா?”

“தள்ளும். ஆனா…”

“ஆனா இன்னா?”

“எதுக்கு அக்கா இது?”

“தள்ளுமா, தள்ளாதா? அத்த மட்டும் சொல்லு.”

தள்ளும் என்றேன். அன்றைக்கே அதை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டார்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, ஒரகடத்தில் ஒரு லாரி பட்டறையில் ஃபிட்டராகவும் வெல்டராகவும் இருந்தேன். லாரிக்கார அக்காவின் வண்டிகள் எங்கள் பட்டறைக்குத்தான் வரும். சேரப்பணஞ்சேரியில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது வந்த பணத்தில், அவர் கணவர் இரண்டு டிப்பர் லாரி வாங்கி, கல் அரைக்கும் கிரஷரிலிருந்து எம்-சாண்ட் மணல் ஏற்றி, கட்டடம் எழும்பும் இடங்களுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மாரடைப்பில் போன பிறகு லாரிகளை விற்றுவிடச் சொல்லிச் சுற்றமெல்லாம் சொன்னது. அக்கா விற்கவில்லை. கனரக வண்டி ஓட்ட உரிமம் எடுத்தார். ஒரு வண்டிக்கு டிரைவர் போட்டார், ஆள் கிடைக்காத நாளில் மற்றதைத் தானே ஓட்டினார். ஐம்பதை நெருங்கிய வயது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. கிரஷர் வாசலில் வரிசையில் நிற்கும்போது யாராவது வண்டியை முன்னால் நுழைத்தால், கதவைத் திறந்து படியில் நின்றபடியே அவர் பேசும் பேச்சில் அந்த வண்டி தானாகப் பின்னால் போகும். பட்டறையில் மட்டும் அதிகம் பேச மாட்டார். வேலை நடக்கும் இடத்தில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அக்கா என்றுதான் அழைத்தேன். ஆனால் அந்த நாட்களில் மணல் லாரி எதைப் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வரும். அதற்குக் காரணம் இருந்தது.

என்னோடு ஒரே அறையில் நான்கு வருடம் தங்கியிருந்தவன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. நன்றாகச் சமைப்பான், மோசமாகப் பாடுவான். முந்தைய ஐப்பசியில் ஒரு காலை, ஷிஃப்ட் முடித்துப் பைக்கில் அறைக்குத் திரும்பியவன் சேரப்பணஞ்சேரி ஏரிக்கரை வளைவில் சறுக்கி விழுந்தான். எதிரே வந்த வேனின் சக்கரம் இடது காலில் ஏறிவிட்டது. இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முழங்கால் அதன் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. லைனில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலைக்கு அப்படி ஒரு கால் உதவாது. ஒப்பந்தக்காரர் அந்த இடத்தில் இன்னொருவனை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்து, அவனை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அவன் படுக்கை விரித்திருந்த மூலையை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் விழுந்த மறுநாள் அந்த வளைவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆற்று மணலாக இருந்தால் பழுப்பாக, கண்ணுக்குத் தெரியும். எம்-சாண்ட் அப்படி இல்லை. கல்லை அரைத்தது, தார்ச்சாலையின் அதே சாம்பல் நிறம். லாரிகள் வளைவில் சாயும்போது சிந்திச் சிந்தி, அரை அங்குல கனத்துக்கு ரோட்டோடு ரோடாகப் பரவிக் கிடந்தது. காலை வைத்தேன், செருப்பு வழுக்கியது. யார் வீட்டுப் பிள்ளை விழுந்தால் இவர்களுக்கு என்ன என்று அன்றைக்குத் தனியாக நின்று திட்டினேன். யாரை என்று தெரியாததால், தார்ப்பாய் போடாமல் போன எல்லோரையும் திட்டினேன்.

எனவே அக்கா அந்தத் தகட்டைப் பட்டறையில் இறக்கியபோது, ஏதோ ரோடு வேலை காண்டிராக்ட் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணைச் சிந்தவும் இவர்கள், அள்ளிக் காசு பார்க்கவும் இவர்கள். முதலாளி வேலையை என்னிடம் கொடுத்தார், மறுக்க முடியவில்லை. அக்காவின் பழைய ஆறு சக்கர டிப்பரின் முகத்தில் அதை மாட்ட வேண்டும். தகட்டைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தில் மூன்று இடத்தில் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. துருவைச் சுரண்டி, விரிசலைத் தோண்டி எடுத்து, புதிதாகப் பற்றவைக்க ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாள் மதியம். அக்கா வழக்கம்போல டிரம்மில் உட்கார்ந்திருந்தார். நான் முகமூடியை இறக்கிவிட்டு வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

“நம்ம ஏரிக்கரை வளைவுல போன ஐப்பசில ஒரு பையன் வுழுந்தான். நீகூடக் கேட்டிருப்பே.”

நான் கையை நிறுத்தவில்லை.

“அன்னிக்கு விடியகாலம் கிரஷர்லேர்ந்து அந்தப் பக்கமா ஆறு வண்டி போச்சு. அதுல ஒண்ணு என்னுது. என் டிரைவரு தார்ப்பா போடலை. மத்தவனும் போட்டிருக்க மாட்டான், அத்த வுடு. ஆறுல எவன் வண்டி மண்ணுன்னு எப்டித் தெரியும்? போலீசு வந்து விசாரிச்சப்ப, எங்குளுது இல்லன்னு ஒவ்வொருத்தனா சொன்னான்.” டிரம்மை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது. “நானும் சொன்னேன்.”

முகமூடிக்குள் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லவேளை, அவருக்கும் தெரியவில்லை. கையிலிருந்த வெல்டிங் குச்சி தீரும்வரை நான் பற்றவைத்த தையல் முழுதும் கோணலாகப் போயிருந்தது. அக்கா போன பிறகு கிரைண்டரில் அதை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

மறுநாள் மோட்டாரைச் சோதித்தேன். தகட்டைத் தூக்கி இறக்கும் பம்பை ஓட்டுகிற மோட்டார் அது. லாரி பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். இரண்டு விநாடி உறுமியது. அப்புறம் புகை. பட்டறை முழுதும் கருகல் நாற்றம். மோட்டாரின் முதுகைத் துணியால் துடைத்தபோதுதான் பன்னிரண்டு வோல்ட் என்று பொறித்திருப்பது தெரிந்தது. நம் லாரிகளுக்கு இருபத்துநான்கு. எந்த ஃபிட்டரும் முதலில் பார்க்கிற விஷயம். துடைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏன் பார்க்கவில்லை? வேண்டுமென்று எரிக்கவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் வேறு யாருடைய சாமானாக இருந்தாலும் துடைத்துப் பார்த்திருப்பேன் என்பதும் நிச்சயம். அந்த இரண்டு நிச்சயத்துக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மதியம் அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன். “மோட்டாரை எரிச்சிட்டேன் அக்கா. என் தப்புதான். பாக்காமக் குடுத்திட்டேன்.”

அவர் புகைபடிந்த மோட்டாரைப் பார்த்தார். “சரி வுடு. வேற இன்னா வழி கீது?”

திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் திட்டாததால் மற்றதும் வாயில் வந்துவிட்டது. “அந்தப் பையன் என் ரூம்ல இருந்தவன் அக்கா. எங்க ஊர்ப் பையன்.”

எந்தப் பையன் என்று அவர் கேட்கவில்லை. டிரம்மில் உட்கார்ந்தார்.

“எந்தக் காலு?”

“இடது கால்.”

“நடக்கறானா?”

“தாங்கித் தாங்கி நடக்கான். ஊருக்குப் போய்ட்டான்.”

அக்கா எழுந்து போய்விட்டார். சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்கவில்லை. மூன்று நாள் வரவே இல்லை. முதலாளி, அந்தம்மா மனசு மாறிவிட்டது போல, தகட்டை ஓரமாகத் தூக்கிப் போடு என்றார். நான் போடவில்லை. போடவும் தோன்றவில்லை, தொடவும் தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார். “நீ இத்த செய்வியா, மாட்டியா? மாட்டேன்னா சொல்லிடு, மறைமலை நகர்ல ஆள் பாத்துக்கறேன். எம்மேல கோவம் இருந்தா கோவத்தோடயே செய். ஆனா மோட்டாரை எரிக்காம செய்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன். அதன் பிறகுதான் அந்த வேலையில் என் முழுக் கையும் இறங்கியது.

எரிந்த மோட்டாருக்கு வேறு வாங்க வேண்டியிருக்கவில்லை. டிப்பர் லாரிக்குத் தொட்டியைத் தூக்க ஏற்கெனவே எண்ணெய்ப் பம்பு உண்டு. அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, அழுத்தம் மீறாமல் இருக்க ஒரு வால்வு வைத்து, தகட்டின் சிலிண்டருக்குக் கொடுத்தேன். தகட்டை இடமும் வலமும் திருப்பும் வசதியை விட்டுவிட்டோம். நம் ஊரில் இடது பக்கம்தானே ஓட்டுகிறோம், மண் இடது ஓரத்துக்கு ஒதுங்கினால் போதும். அந்தச் சாய்வில் நிறுத்தி ஆணி போட்டுவிட்டேன். தகட்டின் அடிவிளிம்பு தேய்ந்து அலை அலையாக இருந்தது. புது இரும்புப் பட்டை போடலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். “இரும்பு தாரை சொரண்டிடும். ரோட்டைப் பேத்துட்டேன்னு அதுக்கு வேற வந்து நிப்பானுங்க.” மறுநாள் கிரஷரில் கல் தூக்கும் பழைய ரப்பர் பெல்ட்டை ஒரு சுருள் கொண்டுவந்து போட்டார். இரண்டு அடுக்காக வெட்டி, விளிம்பு நெடுக போல்ட் போட்டு முடுக்கினோம். அந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். அதுதான் காலை வாரியது. அறுந்த ஸ்பிரிங்குக்கு மாற்று கிடைக்கவில்லை. தகடு நிமிர்ந்து நின்றால் போதாதா, ஸ்பிரிங் எதற்கு என்று, சட்டத்தோடு தகட்டைச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டேன். முதல் ஓட்டத்துக்கு நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். விடிந்தும் விடியாத நேரம். பின்தொட்டியில் பாரத்துக்காகக் கால்வாசி மண். அதன் மேல் தார்ப்பாயை அக்காவே இரண்டு கட்டாக இழுத்துக் கட்டியிருந்தார். தகடு இறங்கியதும், கோலமாவை விரலால் வழித்ததுபோல மண் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, பின்னால் கறுப்பாகச் சாலை தெரிய ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குள் வேகத்தடை வந்துவிட்டது. மண் மூடிக் கிடந்ததால் இருவருமே பார்க்கவில்லை. தகடு அதில் முட்டி, வண்டி அப்படியே நின்று, அக்காவின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் மோதியது. கீழே இறங்கிப் பார்த்தால், நான் பற்றவைத்த இடத்தைச் சுற்றிச் சட்டமே கிழிந்திருந்தது.

அந்த வீடியோவை அக்கா மூன்று முறை பார்த்தார், நான் ஒரு முறைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. அன்று பார்த்தேன். பனிக்கடியில் மறைந்திருக்கும் கல்லில் தகடு முட்டும்போதெல்லாம் முன்பக்கமாக மடங்கிக் கொடுத்து, தாண்டியதும் நிமிர்ந்துகொண்டது. அதற்குத்தான் ஸ்பிரிங். பாய் கடையில் அரை நாள் கிளறி ஈடான ஒன்றைத் தேடி எடுத்தேன். அக்கா ஒரு வாரம் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த ஓட்டத்துக்கு அவரேதான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு மூன்று மழைக்காலம் அந்த மஞ்சள் தகடு ஓடியது. கம்பெனிகளின் காலை ஷிஃப்ட் பஸ்கள் வருவதற்கு முன்னால், ஏரிக்கரை வளைவிலிருந்து ஒரகடம் கூட்ரோடு சந்திப்பு வரை ஒரு நடை. அவருடைய டிரைவர் பின்னாலேயே நடந்து, ஓரத்தில் ஒதுங்கிய மண்ணை வாரித் தொட்டியில் போடுவார். எந்தக் காண்டிராக்டும் இல்லை. ஆரம்பத்தில் பைக்கில் போகிற பையன்கள் நிறுத்திப் படம் எடுத்தார்கள், பனி எப்போது விழும் என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, இது என்ன கூத்து என்று விசாரித்தார். அடுத்த மாதம் அவரே போன் செய்து, பாலத்துப் பக்கம் மண் கொட்டியிருக்கிறது, கொஞ்சம் வரமுடியுமா என்று கேட்டார்.

சிரிக்காதவர்கள் மற்ற லாரிக்காரர்கள்தான். ஒருநாள் பட்டறைக்கே வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் ஒருவர் அக்காவிடம் சத்தம் போட்டார். “நீ தெனம் மண்ணைத் தள்ளிக்கினு கெடந்தா இன்னா அர்த்தம்? மண்ணு நம்முளுதுன்னு ஒத்துக்கினா மாதிரி ஆவாதா? நாளைக்கு எவனாவது வுழுந்தா நம்ம கழுத்தைத்தான் புடிப்பான்!”

அக்கா டிரம்மிலிருந்து எழவில்லை. “உன் வண்டிக்குத் தார்ப்பா இருக்குதா, நான் ஒண்ணு வாங்கித் தரட்டுமா?” என்றார். வந்தவர் போய்விட்டார். ஆனால் கிரஷரில் அக்காவின் வண்டியைக் கடைசியாகத்தான் நிரப்புவது என்று அவர்கள் பேசிவைத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தண்டனை நடந்தது. டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கத் திணறி இரண்டாவது லாரியை அவர் விற்றதும் அப்போதுதான்.

இன்று அந்த வளைவே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது நேராக்கிவிட்டார்கள். சுழலும் பிரஷ் வைத்த வண்டி ஒன்று வந்து பெருக்கிவிட்டுப் போகிறது, ஓட்டுகிற பையனுக்கு ஒளிரும் பச்சைச் சட்டை உண்டு. லாரிகளும் பெரும்பாலும் மூடிக்கொண்டுதான் போகின்றன, அபராதத்துக்குப் பயந்து. அக்கா முழங்கால் வலி வந்து லாரித் தொழிலை விட்டு, மறைமலை நகரில் மகள் வீட்டோடு இருக்கிறார். எனக்குச் சொந்தமாகச் சின்னப் பட்டறை. எந்த மோட்டாரானாலும் முதலில் துடைத்துப் படித்துவிட்டுத்தான் ஒயரைத் தொடுவேன். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன்னால் வருவது வேறொரு நாள்.

தகடு ஓட ஆரம்பித்த இரண்டாவது மழைக்காலம். என் நண்பன் கம்பெனியில் பி.எஃப். பணத்துக்குக் கையெழுத்து வாங்க ஊரிலிருந்து வந்திருந்தான். ஊரில் செல்போன் பழுது பார்க்கும் கடை போட்டிருந்தான், கொஞ்சம் சதை பிடித்திருந்தது. காலைத் தாங்கி நடப்பது மட்டும் அப்படியே. அக்காவைப் பற்றிச் சொன்னேன். பார்க்க வேண்டும் என்றான். வளைவின் ஓரத்து டீக்கடையில் காத்திருந்தோம். வேலை முடிந்து வந்த அக்கா அவன் நடந்து வருவதைக் கண்டதுமே வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் அவர் பார்த்தது அவன் முகத்தை அல்ல, காலை.

“உக்காரு தம்பி” என்றார். தான் உட்காரவில்லை. “அன்னிக்கு ரோட்டுல கெடந்தது என் வண்டி மண்ணா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். அது பொய்யா நெசமான்னு எனக்கே தெரியாது. உன்னாண்ட வந்து சொல்லணும்னு நெனைச்சேன். தைரியம் வரலை.”

நண்பன் டீ கிளாஸை இரண்டு கைக்குள்ளும் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். உண்மையில், கோபப்பட வேண்டும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

“நானும் ஒண்ணு சொல்லணும்க்கா” என்றான். “இவன்கிட்டகூடச் சொன்னதில்ல. அன்னைக்கு ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்திட்டு வந்தேன். சூப்பர்வைசர் ஆளில்லன்னு கேட்டாரு, ஓ.டி. காசு வருமேன்னு நானும் நின்னுட்டேன். வளைவு வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல. தூங்கிட்டேன்னுதான் நெனைக்கேன். முழிச்சுப் பாத்தா வாயில மண்ணு. எல்லாரும் மண்ணு வாரிவிட்டிருச்சுன்னு சொன்னாங்க.” கிளாஸைக் கீழே வைத்தான். “நானும் மண்ணுன்னேன்.”

டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். எனக்குள் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்த கோபம் பிடிமானம் இல்லாமல் ஆடியது. யாரைத் திட்டினேன், எதற்காக மோட்டாரை எரித்தேன்? அக்கா அவன் தோளைத் தொடுவதற்குக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார். எங்கள் டீக்கும் அவரே காசு கொடுத்தார். நன்றி சொன்னான் அவன். லாரி ஏறிப் போய்விட்டார் அவர்.

இனி அக்கா வர மாட்டார் என்றே அன்று முழுதும் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வர வேண்டிய அவசியம்தான் என்ன? அவர் தோளிலிருந்த பாரத்தை அவன் வாயாலேயே இறக்கி வைத்துவிட்டானே.

மறுநாள் அதிகாலை அவனைச் செங்கல்பட்டில் ரயிலேற்றப் பைக்கில் அழைத்துப் போனேன். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை வளைவு நெருங்கியபோது எதிரே விளக்கு தெரிந்தது. அக்காவின் லாரிதான். தகட்டை இறக்கி, நடை வேகத்தில், ஈர மண்ணை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு வந்தது. நண்பன் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னான். பைக்கிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு இறங்கி, சாலையைக் கடந்து அவர் பக்கத்துக் கதவண்டை போய் நின்றான்.

“அதான் நேத்தே சொல்லிட்டேனேக்கா. நான்தான் தூங்கிட்டேன். இன்னும் எதுக்கு இது?”

அக்கா வண்டியை நிறுத்தி, கண்ணாடியை முழுதாக இறக்கினார். அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தூங்கிக்கினு வர்றவனுக்கும் சேத்துதான்யா ரோடு” என்றார். “நவுரு, பஸ் வருது.”

அவன் நகர்ந்து நின்றான். லாரி எங்களைத் தாண்டிப் போனது. பின்னாலேயே வந்த முதல் ஷிஃப்ட் பஸ்ஸின் ஜன்னலோரங்களில், தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.